மரியாதையுடன் ஒரு குறை

“மரியாதையா எழுதிட்டாப் போதுமா சார்? போன மானம் திரும்பி வருமா?”

வாசலில் நின்ற பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. விலாசம் விசாரித்து, மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். கையிலிருந்த செல்பேசியில், அவள் விற்பனைக்குப் போட்டிருந்த அந்தக் காலத்துக் காரின் படம். அதன் கீழே, உள்ளே மேஜையருகில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுதியது:

‘மரியாதையுடன் ஒரு குறை. வண்டி அழகு. இன்ஜினும் நன்றாக இருக்கும். ஆனால் இடது முன்கதவின் அடிப்பாகமும் அதை ஒட்டிய தரையும் தகரம் அல்ல. கம்பி வலை வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்குபவர் சோதித்து வாங்கவும்.’

“அடுத்த வாரம் எனக்கு வேற ஊருக்கு மாத்தல் சார். வண்டியை வித்துட்டுத்தான் கிளம்பணும். இன்னைக்கு அட்வான்ஸ் தர்றேன்னவர் போனையே எடுக்கலை. ஆபீஸ்ல, ‘கார் விக்கறியா, காயலான் கடை வச்சிருக்கியா’ன்னு சிரிக்கறாங்க. தயவுசெஞ்சு அதை அழிச்சிடுங்க.”

அவர் தலை நிமிரவில்லை. “அழிக்க முடியாதும்மா.”

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். “நல்லா கேளும்மா! நாற்பது வருஷம் டிங்கரிங் பட்டறை வச்சிருந்தார். மூடின நாள்லேர்ந்து அடுத்தவங்க வண்டிக்கு நொட்டை சொல்றதே பொழப்பா போச்சு. நெட்டுல இவருக்குப் பேரே ‘மரியாதை மாமா’. நசுங்கி வந்த வண்டியை இவர் கையால புதுசாட்டம் அனுப்பி வச்சிருக்கார். அந்தக் கர்வம், வேறென்ன?”

“நீ கொஞ்சம் சும்மா இரேன்” என்றார். காது மடல் வரை சிவந்திருந்தது.

“வண்டி கீழதான் நிக்குது. நேர்ல பார்த்துட்டுச் சொல்லுங்க சார். பொய்னு தெரிஞ்சா அழிப்பீங்கல்ல?”

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

கதவின் நடுவில் காந்தம் பட்டென்று ஒட்டியது. ஒரு சாண் கீழே வைத்தார். பிடிக்காமல் தெருவில் விழுந்தது. அந்தப் பெண் அதை எடுத்துத் தானே வைத்துப் பார்த்தாள். மறுபடியும் விழுந்தது.

“எம் பொண்ணு தினமும் இந்தப் பக்கம்தான் உட்காருவா. ரெண்டு கை மாறி வந்த வண்டி சார். சத்தியமா எனக்குத் தெரியாது.”

“உங்க மேல தப்பில்லைம்மா. அதையும் சேர்த்து எழுதியிருக்கணும்.”

“இப்படி ஏமாத்திச் சம்பாதிச்சவன் நல்லா இருப்பானா?”

அவர் குனிந்து காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மனைவிக்கு மட்டும் திடீரென்று பெருமை பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன கண்ணும்மா இவருக்கு! போட்டோவைப் பார்த்தே உள்ள இருக்கற வலையைச் சொல்லிட்டாரே!”

“போட்டோவுல அதெல்லாம் தெரியாது. நான் நம்பர் பிளேட்டை மட்டும்தான் பார்ப்பேன்.”

மனைவியின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. காருக்கே சொல்வதுபோல் சொன்னார்:

“இதுவரைக்கும் நான் குறை எழுதின பதினாலு வண்டிக்கும் நம்ம பட்டறையிலதான் வலை வச்சுப் பூசினேன். இன்னும் ஒன்பது கண்ணுல படலை.”