புள்ளிக்கோட்டில் ஒரு பதில்

“ஓகாசான் வ இயே நி இமாஸ் க?” என்று உரக்கப் படித்தேன்.

உள்ளறையிலிருந்து அம்மா பதில் சொன்னாள்.

மவுஸில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கதை பேசிய என் அம்மா, அத்தனை நாளும் வாயே திறக்கவில்லை.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பேச்சு திரும்பினாலும் திரும்பும் என்றார் டாக்டர். பேசினேன். அவள் வாய் எனக்கு வாய்க்கவில்லை. இரண்டே வாரத்தில் என் கதையெல்லாம் தீர்ந்துபோனது. அப்புறம் செய்கிற வேலையையே அவளுக்கு உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

வேலை, ஜப்பானிய மொழிப் பாடப் புத்தகத்துக்குப் பக்கம் அமைப்பது. நடுவில் ஜப்பானிய எழுத்து. அதன் தலைமேல், பொடி எழுத்தில், தமிழில் உச்சரிப்பு. கீழே பொருள். மேல்வரி கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு சொல்லின் ஒலி பக்கத்துச் சொல்லின் தலையில் ஏறிவிடும். எனக்கும் அம்மாவுக்கும் அந்த மொழியில் அ, ஆ கூடத் தெரியாது. பொருள் எழுதுவதெல்லாம் புத்தகத்தை எழுதுகிற வாத்தியார்.

அன்று கையில் இருந்தது பன்னிரண்டாம் பாடத்தின் பயிற்சி. நான் படித்த வரியில் வாசலில் வந்தவர் கேட்கிறார்: உங்கள் அம்மா வீட்டில் இருக்கிறாரா? பதில் மாணவர் எழுத வேண்டியது. அதற்கு வெறும் புள்ளிக்கோடு.

உள்ளே ஓடினேன். அம்மா விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். ஒரு குழறல் இல்லை.

“ஓகாசான் வ மோ இமாசென். வதாஷி தகே தெஸ்.”

கட்டிக்கொண்டு அழுதேன். எந்த மொழியாக இருந்தால் என்ன? என் அம்மா பேசிவிட்டாள்.

மறப்பதற்குள் ஓடி வந்து, அவள் சொன்னதைப் புள்ளிக்கோட்டின் மேலேயே தமிழில் அடித்து, பக்கத்தை வாத்தியாருக்கு அனுப்பினேன். எல்லாப் பக்கமும் அப்படித்தான் போகும், விடுபட்ட பொருளோடு திரும்பும். அம்மா பேசியதை மட்டும் சொல்லவில்லை. கண் பட்டுவிடுமோ என்று பயம்.

அரைமணி நேரத்தில் அவரே போனில் வந்தார்.

“பிச்சு உதறிட்டீங்க மேடம்! ஒரு தப்பு கிடையாது. ஆனா ‘மட்டும்’ங்கிற சொல்லை நான் பதினேழாம் பாடத்துக்குன்னு வச்சிருக்கேன். அதை இன்னும் எழுதவே இல்லையே, நீங்க எங்க புடிச்சீங்க?”

சிரித்து மழுப்பி போனை வைத்தேன். பக்கம் திரும்பி வந்திருந்தது. நான் அடித்த வரிக்குக் கீழே பொருள் இருந்தது.

அம்மா இனி இங்கே இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. புரண்டு படுக்கக்கூட அவளுக்கு ஐந்து மாதமாக நான்தான் வேண்டியிருந்தது.

எழுந்து போனேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். சாத்திவிட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கலாம்.

ஆனால் குரல் அம்மாவுடையது. அச்சு அசல் அவளுடையது. அதைக் கேட்காமல் இன்னொரு ஐந்து மாதம் என்னால் முடியாது.

நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.