பழுக்க விடாத குவினி

"நில்லுங்க பாக்சிக்! சாக்குல என்ன?"

ரொஹானா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடும் அடுத்த வீட்டு மீனவர் தெராமன் திரும்பிப் பார்த்தார். சாக்கு நிறையக் குவினி மாங்காய். எல்லாம் அவள் அம்மா வீட்டு மரத்தில் பறித்தவை.

"காய்தான், ரொஹானா."

"தெரியுது. பழம் தின்னலாம்னு நான் ஆசையா கோலாலம்பூர்லேருந்து வந்திருக்கேன். கேக்க ஆளில்லைன்னு மரத்தையே மொட்டை அடிக்கிறீங்களா? வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்வரிசையில வேற நிக்கிறீங்க!"

அவர் சாக்கைத் தோளில் ஏற்றினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அவர் கைக்கு எட்டாத உச்சிக் கிளையிலிருந்து மறுநாள் ஒரு பழம் தானாக விழுந்தது. ரொஹானா அடுப்படியில் உட்கார்ந்து தடிமனாகத் தோல் சீவினாள். வீடு முழுக்க வாசனை.

"அம்மா, வா! குவினி!"

பதில் இல்லை. கட்டில் காலி. குளியலறை காலி. வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். தோட்டத்தில் இல்லை. கடையில் இல்லை. "பாத்தீங்களா, அம்மாவைப் பாத்தீங்களா?" தோல் சீவிய கை மாம்பால் பட்டு எரிந்தது. படகுத்துறைப் பக்கம் கூச்சல் கேட்டது.

இடுப்பளவுத் தண்ணீரில் தெராமன். அவர் பிடியில் அம்மா திமிறிக்கொண்டிருந்தாள்.

"விடு என்னை! சப்ரி வந்துட்டான், படகைக் கட்டணும்!"

சப்ரி ரொஹானாவின் அண்ணன். கடலுக்குப் போனவன், திரும்பவே இல்லை.

அம்மாவைக் கரையேற்றியதும் தெராமனுக்கு மூச்சு வாங்கியது. "அவனுக்குக் குவினின்னா உயிர். பழ வாசனை வந்தா அவனே வந்துட்டான்னு இங்கே ஓடிவந்து இறங்கிடுறாங்க. போன வருஷமும் இதே கதைதான்."

ரொஹானா அம்மாவின் ஈர முகத்தைத் துடைத்தாள். "அதுக்காகத்தான் காயிலேயே... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாக்சிக்?"

"சத்தியம் வாங்கிட்டாங்களே! புத்தி தெளிஞ்சிருந்த ஒரு நாள், 'பழுக்க விடாதே தெராமன், யாராவது கேட்டா திருடினேன்னே சொல்லிடு. விஷயம் தெரிஞ்சா என் மக வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவா'ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே உங்கம்மாதான்."