ஜானகி அம்மாளின் கழுத்து

நாளை முதல் காலாண்டு விடுமுறை. நவராத்திரியும் வருவதால் திண்டிவனத்துப் பள்ளியொன்றின் எட்டாம் வகுப்பில் பெஞ்சுகளை அடுக்கி, வேட்டி விரித்துக் கொலு வைக்கிறார்கள். படிகளில் உயிரியல் அறிஞர்கள் ஏறுகிறார்கள். பஞ்சுத் தாடியோடு டார்வின், பட்டாணிக் கொடி ஏந்திய மெண்டல், தோளில் காகிதக் குருவியோடு சலீம் அலி. ஒவ்வொரு பொம்மையைச் சுற்றியும் நாலைந்து தலைகள், ஓயாத சிரிப்பு. சன்னலோரத்து மஞ்சள் வெயிலில் சங்கவி மட்டும் தனியாக, கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாளைச் செய்துகொண்டிருக்கிறாள். கூடச் செய்ய வேண்டிய கலைமதி திங்கட்கிழமை பெஞ்சு மாறிவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த உடம்பின்மேல் தலையை ஒட்டியிருக்கிறாள். ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருத்தி புடவை சுற்றலாம். கையை எடுத்தால் கழுத்து சாய்கிறது.

"கலை, கொஞ்சம் புடிச்சிக்கிறியாடி?"

"டார்வினுக்குத் தாடி ஒட்டிக்கினு இருக்கேன்" என்கிறாள் கலைமதி, திரும்பாமலே. தாடி எப்போதோ ஒட்டியாகிவிட்டது. சங்கவிக்கு இங்கிருந்தே தெரிகிறது.

மணி அடிக்கிறது. பைகள் முதுகேறுகின்றன, செருப்புச் சத்தம் படியிறங்குகிறது. புதுத் தோழிகளுக்கு நடுவே கலைமதியின் ரெட்டைப் பின்னல் வாசலைத் தாண்டி மறைகிறது. தரையில் வெட்டிய காகிதத் துணுக்குகள் மின்விசிறிக் காற்றில் நகர்கின்றன.

"கெளம்பலையாம்மா?" என்று கேட்கிறார் கிருஷ்ணவேணி டீச்சர்.

"பசை காய்ஞ்சதும் போறேன் டீச்சர்."

டீச்சர் அருகே வந்து பொம்மையின் கழுத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார். "நல்லா காய்ஞ்சிதான்மா இருக்குது."

சங்கவி தலையாட்டுகிறாள். கையை எடுக்கவில்லை.