கையெழுத்துப் போட வந்த அப்பா

“மேல் பட்டனையும் போட்டுக்கோங்கப்பா,” என்றாள் சங்கரி. கல்லூரி வாசலில் நின்று அப்பா பட்டனைப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் சாயம் பூசிய மீசை வெயிலில் மின்னியது.

அவரை அவள் அப்பா என்று கூப்பிட ஆரம்பித்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாரிச்செல்வம் என்பது அவர் பெயர். கொச்சியில், மட்டாஞ்சேரி படகுத்துறை பக்கம் துணி தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். போட்டிருந்த வெள்ளைச் சட்டைகூட யாரோ வாடிக்கைக்காரருடையதுதான்.

சொந்த அப்பா அழகர், அதே கொச்சியில் தேவரா பக்கம் கொத்தனார் வேலையில் இருந்தார். விஷயம் அவர் காதுக்குப் போனால் படிப்பை நிறுத்தி, மறுநாளே ராஜபாளையத்து அத்தை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார். அத்தைக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான்.

விஷயம் கொஞ்சம் அசிங்கமானது. கால்வாய்த் தண்ணீரின் தரம் பற்றி முப்பது பக்கம் எழுதச் சொன்னார்கள். சங்கரி இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவருடைய ஆராய்ச்சியை அப்படியே எடுத்து, தன் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

எண்பத்தொரு சதவீதம் காப்பி என்று கம்ப்யூட்டர் சொன்னதையாவது ஏதாவது பேசிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவசரத்தில் நன்றியுரையையும் விடாமல் எடுத்திருந்தாள். ‘பொறுமையோடு துணை நின்ற என் மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும்’ என்று பத்தொன்பது வயதுப் பெண் நன்றி சொல்லியிருந்ததை டிபார்ட்மெண்டே கூடி நின்று வாசித்தது.

கல்லூரியின் புது விதிப்படி, காப்பியடித்தவர்கள் அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வந்து உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு செமஸ்டர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அம்மாவோ ஊரில் இருந்தாள். அப்போதுதான் உடன் படிக்கும் மகா, மாரிச்செல்வத்தைப் பற்றிச் சொன்னாள். நம்பிக்கையான ஆள், இதில் பழக்கம் உள்ளவர், மத்தியானம் ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தால் போதும் என்றாள்.

வரும் வழியில் மாரிச்செல்வம் அழகரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார், என்ன சாப்பிடுவார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று விசாரித்தார். சிமெண்டு அரித்து அப்பாவின் உள்ளங்கை வெடித்திருக்கும் என்று சங்கரி சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டாவது மாடி, கோடி அறை என்று அவள் வழி சொல்வதற்குள் அவர் படியேறிப் போய்விட்டார்.

அறையில் கிருஷ்ணபிரசாத் சார் இருந்தார். பாலக்காட்டுக்காரர். இதே கல்லூரியில் படித்து இங்கேயே வாத்தியாராக வந்தவர். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மாணவர்கள் என்ன பொய் சொன்னாலும் பாதியிலேயே பிடித்துவிடுவார் என்று பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மாரிச்செல்வத்தை வெகுநேரம் பார்த்தார்.

பெண்ணின் அப்பாவா என்று கேட்டார். ஆமாம், அழகர் என்றார் மாரிச்செல்வம். அடுத்த நிமிஷம் ஆரம்பித்துவிட்டார்.

இருபது வருஷமாகச் சிமெண்டில் கை வேகிறது என்றார். தன் காலுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்காமல் இவளுக்கு ஃபீஸ் கட்டியதாகச் சொன்னார். சாரத்தில் நிற்கும்போதெல்லாம் இவள் பட்டம் வாங்குவதைத்தான் நினைத்துக்கொள்வாராம். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

சங்கரியும் அழுதாள். அதில் நடிப்பு இல்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. சொன்ன ஆள்தான் வேறு. தேவராவில் ஏதோ ஒரு மூன்றாம் மாடியில் இந்நேரம் அப்பா செங்கல் அடுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது அவளால் அடக்க முடியவில்லை.

சார் எழுந்து மாரிச்செல்வத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மாரிச்செல்வம் குடித்துவிட்டு, தாளை வாங்கி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அழகர் என்று கையெழுத்துப் போட்டார். கீழே போய் ஒரு சாயா குடிக்கும்படி சார் சொன்னதும் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்.

கதவு சாத்திக்கொண்டது. சங்கரி தலை குனிந்து நின்றாள். முப்பது பக்கத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும், கால்வாய்க்கு நேரில் போய்த் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும், இரண்டு வாரம் அவகாசம் என்றார் சார். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். இவ்வளவோடு விட்டாரே என்று மனசு லேசானது.

“நாளைக்குக் காலம்பற அப்பாவை அழைச்சுண்டு வா,” என்றார் சார்.

சங்கரிக்குப் புரியவில்லை. “அப்பா இப்பத்தானே சார் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு?”

அவர் அந்த உறுதிமொழித் தாளை நாலாக மடித்து, கிழித்து, குப்பைக் கூடையில் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே சாயாக் கடைக்கு நடந்துபோகும் மாரிச்செல்வத்தைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

“எனக்கு அப்பாவா வந்தப்போ இவர் இத்தனை நன்னா அழல்லை.”