மாதிரித் தம்பதி

“சரி, அவன் பதிலே சொல்லலைன்னா?”

“சொல்லுவான். ஏன் சொல்லாம இருக்கப் போறான்?”

“சொல்லலைன்னு வச்சுக்குங்க சார். மனைவி விவாகரத்துக்கு விண்ணப்பிச்சுட்டா. புருஷனோட போனுக்குத் தகவல் போயாச்சு. அவன் பார்த்துட்டு அப்படியே ஓரமா வச்சுட்டான். இப்ப உங்க சேவை என்ன பண்ணும்?”

“காத்திருக்கும்.”

“எத்தனை நாள்?”

“அவன் வாயைத் திறக்கிற வரைக்கும்.”

சோதனைக்காரி தன் திரையை நிரல்காரன் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழ்வரை பச்சை. கடைசி வரி மட்டும் சிவப்பு.

குடும்ப நீதிமன்றத்துக்கான இணையச் சேவை அது. விண்ணப்பம், சம்மதம், மறுப்பு எல்லாமே போன் வழியாக. அதற்கு நிரல் எழுதியவன் அவன். அது ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு சோதனையும் ஒரு குட்டிக் கதை. இன்ன நிலைமை இருக்கிறது. அப்போது இன்னது நடக்கிறது. உடனே சேவை இன்னதைச் செய்ய வேண்டும். கதைப்படி நடந்தால் பச்சை. முரண்டு பிடித்தால் சிவப்பு.

மாலைக்குள் எல்லாம் பச்சையானால் சேவை இன்றே பொதுமக்களுக்குத் திறப்பு. திறந்தால், அவனுக்குப் பேசிவைத்திருக்கும் தலைமைப் பதவி. மேலாளர் இரண்டு முறை கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்களேன். அப்புறம் பார்த்துக்கலாம்” என்றான், மேசையில் கிடந்த போனின் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி.

“நீதிமன்றம் கொடுத்த விதியிலயே இருக்கு சார். முப்பது நாள்ல பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கணும். நேத்து சாப்பிடும்போதே சொன்னேனே.”

“நேத்தா? எப்போ?”

“நீங்க ‘ம்’னுகூடச் சொன்னீங்க.”

அவன் சிரித்துக்கொண்டே தட்டச்சுப் பலகையை இழுத்தான்.

“அதையும் கேக்கணும்னு இருந்தேன். புருஷன் ‘ம்’னு மட்டும் பதில் அனுப்பினா?”

“‘ம்’னா சரின்னு அர்த்தம்.”

“‘ம்’னா காதுல விழலைன்னு அர்த்தம் சார்.”

“சரி தாயே, முப்பது நாள் கெடு, ‘ம்’ செல்லாது. ரெண்டையும் எழுதிட்டேன், போதுமா?”

சோதனைக்காக அவள் ஒரு மாதிரித் தம்பதியை உருவாக்கியிருந்தாள். அந்த மாதிரி மனைவியின் விண்ணப்பத்தை அவன் இப்போதுதான் திறந்து, உரக்கப் படித்தான்.

“‘நான் பேசும்போது அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் பிறந்தநாளை அவருக்கு அவருடைய போன்தான் சொல்கிறது. அம்மா வீட்டுக்குப் போய் நான் திரும்பி வந்துவிட்டதை மூன்றாம் நாள்தான் கவனித்தார்.’ மூணாம் நாளா! எங்கேருந்துதான் பிடிக்கிறீங்களோ. இப்படியும் ஒருத்தன் இருப்பானா?”

“இருப்பான் சார்.”

“பாவம் அந்தப் பொண்ணு. நானா இருந்தா முதல் நாளே விண்ணப்பம் போட்டிருப்பேன்.”

“அப்படியா சார்?”

“பின்னே? சுவரோடயா குடும்பம் நடத்துறது?”

அவள் சோதனையை மறுபடி ஓட்டினாள். சிவப்பு, பேச வாயெடுத்துத் தயங்குகிற ஒருவரைப் போலச் சற்று நின்றது. பிறகு பச்சையானது.

மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எல்லாம் பச்சையா? சத்தியமா?” அவரே குனிந்து பொத்தானை அமுக்கினார். “திறந்தாச்சு!”

அறைக்கு வெளியே கைத்தட்டல். மேலாளர் நிரல்காரனின் கையைப் பிடித்து, அது கழன்று வந்துவிடுமோ என்னும்படி குலுக்கினார். “இனிமே நீங்கதான்யா இந்தக் குழுவுக்குத் தலை!” என்று சொல்லிவிட்டு, நீதிமன்றத்துக்குச் செய்தி சொல்ல ஓடினார்.

சோதனைக்காரி தன் போனில் எதையோ தட்டி முடித்து, அதைக் கைப்பையில் போட்டாள்.

சுவர்த் திரையில், வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்றானது.

“பார்த்தீங்களா, கதவைத் திறந்ததும் ஒரு ஆள்! எந்த வீட்டுல என்ன கூத்தோ” என்றான் அவன். அதே நேரம் அவன் போன் மேசை மேல் உறுமியது. எடுத்துப் பார்த்தான். நீதிமன்றத்தின் செய்தி.

“என்னங்க இது? சோதனைக்கு என் நம்பரையா போட்டீங்க? இன்னும் எடுக்கலையா?”

“சோதனையெல்லாம் முடிஞ்சு போச்சே சார்.”

அவன் திரையை மேலே தள்ளினான். நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிறந்தநாள். மூன்றாம் நாள். எல்லாம் அதே வரிகள். கீழே விண்ணப்பித்தவரின் படம். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. அதன் ஓரத்தில் அவனுடைய தோள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முதல் தடவையாக அவன் எதிர் நாற்காலியை நிமிர்ந்து பார்த்தான்.

“ம்...” என்றான்.

“‘ம்’ செல்லாது. நீங்களே எழுதினது.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஆபீஸில் வாயில் வரவே கூடாது என்று கல்யாணமான புதிதில் அவன் தடை போட்டிருந்த வார்த்தையால், இப்போது அவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, முப்பது நாள் இருக்கு. ஒரு பதில் சொல்லுங்களேன்.”