தலைவர் என்றும் பொருள்

செம்மண்டலம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு மாடியறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கிறது. ஜன்னல் வழியே சாயங்கால வெயில் கரும்பலகையில் விழ, ‘சேர்’ என்ற ஆங்கிலச் சொல் அங்கே வெள்ளையாக மின்னுகிறது. “உக்கார்ற நாற்காலி மட்டுமில்ல, கூட்டத்துக்குத் தலைமை தாங்குறவங்களயும் சேர்னுதான் சொல்லுவாங்க. இத வச்சு யாராவது ஒரு வாக்கியம் சொல்லுங்க” என்கிறாள் டீச்சர் கயல்விழி. கடைசி வரிசையிலிருந்து ராசம்மாள் எழுந்துகொள்கிறாள். தன் ஊராட்சிக்கு அவள் தலைவராக ஜெயித்து ஒரு வருடமாகிறது. கூட்டத்தில் துணைத்தலைவர் நாற்காலியில் இருக்க, அவளுக்கு இன்னும் தரையில் பாய்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். “ஐ ஆம் தி சேர்.” முன்வரிசையில் ஒருவன் சிரிக்கிறான். “யக்கா, நீங்க என்னா நாற்காலியா?” அவள் அவன் முகத்தை நேராகப் பார்க்கிறாள். “நான் தலைவர், தம்பி. நாளைக்குக் கூட்டம். இத அங்கியே சொல்லிட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரப் போறேன்.” சிரிப்பு அடங்குகிறது. “சரியாத்தான் சொன்னீங்க, உக்காருங்கக்கா” என்கிறாள் கயல்விழி. “இரும்மா, இன்னொரு தடவ சொல்லிட்டு உக்கார்றேன்” என்று ராசம்மாள் குரலை உயர்த்துகிறாள். கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.