மாஸ்கோ பனித் தட்டு

"அந்தப் பனித் தட்டை நீயே வித்துடு ரெமி. எனக்கு வேண்டாம்" என்றாள் சொலான்ஜ்.

"அம்மா சாப்பிட்ட தட்டுடி அது!"

"அதனாலதான்."

அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம். பிரான்சின் லிமோஜ் நகரில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள் அண்ணனும் தங்கையும். மேஜைமேல் மூன்று பீங்கான் சூப் தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நெப்போலியன் காலத்துப் போர்க்காட்சி: ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களம், எகிப்தின் பிரமிடு, மாஸ்கோவின் பனி. தாத்தா வாங்கிய நாளிலிருந்து சுவரில் அழகுக்குத் தொங்கியவை.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு அம்மா அவற்றை இறக்கினாள். அப்பா கைதிகள் முகாமில் இருந்தார். சூப் என்றால் டர்னிப் கிழங்கு வெந்த தண்ணீர்தான். யார் தட்டில் முதலில் படம் முழுசாகத் தெரிகிறதோ அவருக்கே வெற்றி. அப்படிச் சொல்லித்தான் அதைக் குடிக்க வைப்பாள்.

"எனக்கு ஆஸ்டர்லிட்ஸ்" என்று ரெமி சிரித்தான். "முதல்ல கொடி தெரியும். அப்புறம்தான் குதிரை."

"எனக்கு பிரமிடு. ஒட்டகம் தெரியறதுக்குள்ள அம்மா முடிச்சிடுவாங்க."

"ஆமா! அடுப்படியிலேர்ந்து தட்டைக் காட்டிக்கிட்டே வருவாங்களே. 'பாருங்கடா, மாஸ்கோ பனி தெரிஞ்சாச்சு, நான்தான் ஜெயிச்சேன்!' நாலு வருஷத்துல ஒரு நாளாவது தோத்தாங்களா?"

சொலான்ஜ் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்ப ஆறு வயசு. பசி தாங்காம, உன் தட்டுலேர்ந்து ஒரு கரண்டி குடும்மான்னு அழுதேன். 'முடிஞ்சுபோச்சே கண்ணு'ன்னு காலித் தட்டை நீட்டினாங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு கரண்டி மிச்சம் வைக்கத் தோணலையே ரெமி? நாப்பது வருஷமா மறக்க முடியல."

வாசல் மணி அடித்தது. பழம்பொருள் வாங்கும் மேடம் வாசேர்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஆஸ்டர்லிட்ஸையும் பிரமிடையும் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கரண்டி உரசி உரசிப் படமே தேஞ்சுபோச்சு. நல்லா வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டிருக்கீங்க."

பிறகு பனித் தட்டை எடுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அடடா, இதுதான் உசத்தி! ஒரு சின்னக் கீறல்கூட இல்ல. இந்தத் தட்டுல யாரும் ஒரு நாள்கூட சாப்பிட்டதே இல்ல."

சொலான்ஜ் கையை நீட்டினாள். "அதைக் குடுங்க மேடம். அது எனக்கு வேணும்."